குளிருதுன்னு சொல்ல ஓர் ஆள்

எங்கள் நீச்சல் குளத்தின் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குமிழ் உண்டு. தண்ணீர் சுடுகிறது என்று யாராவது புகார் சொன்னால் இடப்பக்கம் ஒரு புள்ளி திருப்புவேன். குளிர்கிறது என்றால் வலப்பக்கம் ஒரு புள்ளி. புகார் சொன்னவர் திரும்பப் போய் இறங்கி, "இப்பதாம்மா கரெக்டா இருக்கு" என்பார். அந்தக் குமிழுக்கும் கொதிகலனுக்கும் குளிரூட்டிக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பிகூடக் கிடையாது. குமிழுக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் பெண்கள் உடை மாற்றும் அறை, அவ்வளவுதான். வருஷக்கணக்காக மேற்பார்வையாளராக இருந்தேன், ஒரு சண்டை வந்ததில்லை. "புகாருக்கு உடனடி நடவடிக்கை" என்று பலகையே எழுதி மாட்டியிருந்தோம். மேலதிகாரிக்கு அந்தப் பலகை மேல் கொள்ளைப் பிரியம்.

குமிழ் ஒன்றுதான் எங்களிடம் இருந்த மருந்து என்பதால் எல்லா நோய்க்கும் அதையே கொடுத்தோம். செருப்பைக் காணோம் என்று ஒருவர் கத்தினாலும் போய் இடப்பக்கம் ஒரு புள்ளி திருப்புவேன். ஏதோ நடந்துவிட்டது என்ற நிம்மதியில் அவர் வெறுங்காலோடு வீட்டுக்குப் போவார்.

அப்புறம் என் தம்பி வேலைக்கு வந்தான்.

வீட்டில் அவனுக்குப் பெயர் ரிப்பேர். நாற்பதை எட்டப் போகிறவன், எங்கள் வீட்டுக் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்தவன். அவன் பழுது பார்த்த மின்விசிறி சுற்றாமல் நின்று முனகும். அவன் சரிசெய்த கதவைத் திறக்க ஜன்னல் வழியாக இறங்க வேண்டும். போன இடமெல்லாம் ஒரு மாதத்துக்குள் கையில் கணக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்தான் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, குளத்தில் மெக்கானிக்காகத் தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒருநாள் நேரில் வந்து பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். இதுவும் போனால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை, எனக்கும் வேறு யாரிடமும் கெஞ்ச மூச்சில்லை.

நான் ஒருநாள் விடுப்பில் இருந்தேன். அந்த ஒரே நாளில் அவன் மூன்று வேலை செய்தான். குழாய்த் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் இயந்திரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த உப்பு மூட்டைகளை எல்லாம் குளத்தில் கொட்டினான். மூலையில் கிடந்த காற்றுப் பம்பைக் குளத்தோடு இணைத்து, அடியிலிருந்து குமிழி குமிழியாக வரவைத்தான். மூன்றாவதை மறுநாள் அவனே பெருமையாக வந்து சொன்னான்.

"அக்கா, அந்தக் குமிழுக்கு வயர் விட்டுப் போயிருந்துச்சு. எவனோ சோம்பேறி குடுக்காம விட்டிருக்கான். நான் குடுத்துட்டேன்."

என் கை தன்னால் தலைக்குப் போனது. ஏனென்றால் அந்தக் குமிழ் அப்போது வலது கோடியில் நின்றது. எங்கள் குளத்துக்கு வரும் மூட்டுவலிக்காரர்கள் தினமும் குளிருது குளிருது என்று சொல்லி, வருஷக்கணக்கில் அதை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். தீராத அத்தனை புகாரும் ஒரே ராத்திரியில் தீர்ந்தது. காலையில் தண்ணீர் நாற்பத்திரண்டு டிகிரி. ஆவி பறந்தது. அடியில் பதித்திருந்த சுண்ணாம்புக்கல் பலகைகள்மேல் பச்சையாக ஒரு வழவழப்பு படர்ந்திருந்தது.

"இனிமே நீயா எதையும் தொடாத. புகார் வந்தா மட்டும்தான் குமிழ்ல கை வைக்கணும். நீயா கை வச்சேன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலை போச்சு" என்றேன்.

"சத்தியமா தொடமாட்டேங்க்கா" என்றான். அவனிடம் இருக்கிற ஒரே நல்ல குணமும் அதுதான், ஒரே தொல்லையும் அதுதான். சொன்னதைச் செய்வான்.

வயரை மறுபடி பிடுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிடுங்கச் சொன்னால் அவனேதான் பிடுங்க வேண்டும். அவன் பிடுங்கினால் அடுத்து எது எதோடு சேருமோ, யார் கண்டது?

புகார்கள் வந்தன. காலைக் குழுவின் தலைவர் பனிக்கரடி, ஓய்வுபெற்ற நீதிபதி, உடம்பு முழுக்க வெள்ளை முடி. "இது குளமா, கொப்பரையா?" என்றார். ஒரு புள்ளி. அவருக்குப் போட்டியாளர் மீசை, லாரி கம்பெனி முதலாளி. அவர் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். இன்னொரு புள்ளி. ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு ஒரு புகார் என்பது விதி. காலைக் குழுவில் எட்டுப் பேர், ஒரு நாள் நாலு பேர் வந்தால் மறுநாள் இரண்டு பேர் என்று தண்ணீர் படிப்படியாக ஆறிக்கொண்டு வந்தது.

முப்பத்தெட்டில் தரையில் பஞ்சு மாதிரி ஏதோ முளைத்தது. முப்பத்தைந்தில் ஏணிப் படியில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டன. முப்பத்துமூன்றில் ஆழம் குறைந்த பக்கத்தில், செருப்பு நீளத்தில், முதுகெல்லாம் வரிவரியாக ஓடு போட்ட ஒன்று நடந்து போனது. மூட்டுவலிக்காரர் ஒருவர் அதை மிதித்துவிட்டு, மூட்டுவலி இருப்பதையே மறந்து படியேறி ஓடினார். அன்றோடு அந்த அணி மொத்தமும் வருவதை நிறுத்திவிட்டது. காலைக் குழு மட்டும் மிஞ்சியது.

என் கணவர் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். அழைத்துவந்து காட்டினேன். கரையில் குந்தி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"ஏம்மா, இது ட்ரைலோபைட்! இப்ப உலகத்துல எங்கயும் கிடையாது. அதோ பூ மாதிரி ஆடுது பார், அது கடல் அல்லி. பேர்தான் அல்லி, அது செடியே இல்ல, பிராணி."

"இதெல்லாம் ஏங்க என் குளத்துக்கு வரணும்?"

"நாப்பத்தெட்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலும் இப்படித்தான் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெல்ல மெல்ல ஆறிச்சு. தண்ணியில பிராணவாயுவும் கூடிச்சு. ஆற ஆற, இருந்த ஒரு வகை பத்து வகையாச்சு, பத்து நூறாச்சு. மச்சான் உப்பையும் போட்டு காத்தையும் விட்டிருக்கான். நீ தினம் ஆற வைக்கிற. அப்புறம் வராம என்ன பண்ணும்?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறேன். வெட்டிய கிணற்றிலேயே பூதம் குடும்பம் நடத்தி அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. குழுவினர் பிராணிகளைக் கண்டு பயப்படவில்லை. புகார் சொன்னார்கள்.

"நாலாவது தடத்துல ஒரு ஆள் பின்பக்கமாவே வர்றார். தலையில தொப்பி இல்ல" என்றார் மீசை. போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. ஆளைவிட நீளமாக, கூம்பு மாதிரி நேரான ஓட்டுக்குள் உட்கார்ந்த ஒரு கணவாய் மீன். தண்ணீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்ந்து, சுவரில் மோதி, தடம் மாறாமல் திரும்பி வந்தது. அந்த ஒழுங்கு மீசையிடம்கூடக் கிடையாது. ஆனாலும் புகார் புகார்தான். இடப்பக்கம் ஒரு புள்ளி.

ஒரு புள்ளி குறைந்ததும் ஆறு புது வகை வந்தது. ஆறு புது வகைக்கு ஆறு புகார். "கயித்துல எதோ பூத்திருக்கு." ஒரு புள்ளி. "இதுங்களுக்கெல்லாம் உறுப்பினர் அட்டை இருக்கா?" ஒரு புள்ளி. இருபத்தெட்டு டிகிரியில் குளத்தில் கால் வைக்க இடமில்லை. விசிறி மாதிரி, கிண்ணம் மாதிரி, சீப்பு மாதிரி, இன்னும் எது மாதிரியும் இல்லாமல், மேலே மிதப்பது, நடுவில் நீந்துவது, தரையில் மேய்வது, தரைக்குள் புதைவது என்று ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டு இருந்தன. பனிக்கரடி அவற்றை விலக்கிக்கொண்டு தன் வழக்கமான சுற்றுகளை முடித்தார்.

என் தம்பி மாறிப்போனான். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். விடிவதற்குள் எழுந்து எனக்கு முன்னால் குளத்துக்குப் போனான். ஆழம் குறைந்த பக்கத்தில் கையை விட்டால் குண்டு ட்ரைலோபைட் ஒன்று வந்து உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும். அவன் அதை "வாடா பெரியவனே" என்பான். வீட்டில் சாப்பிடும்போதுகூட அதையேதான் பேசினான். அவன் எதைப் பற்றியும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மேலதிகாரி வரும் தேதி தெரிந்தது. அதிகாரி வந்து பார்க்கிற நேரத்தில் குளம் முழுக்க இப்படி நெளிந்துகொண்டிருந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிரந்தரம் கேட்பது? என் கணவரிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்துல இது எப்பங்க நின்னுச்சு?"

"ஆறினது ஆறினதோட நிக்கலம்மா. ரொம்பக் குளிர்ந்து, ஒரு பக்கம் பனி மலையா குவிஞ்சு, கடலே வத்திப்போச்சு. நூத்துல எண்பத்தஞ்சு வகை அப்படியே அழிஞ்சிருச்சு" என்றார் துக்கமாக.

எனக்கு மனசுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு புகாருக்கும் மனசாரத் திருப்பினேன். இருபது. பதினாறு. பன்னிரண்டு. புது வகை வருவது நின்றது. அல்லிகள் ஆட்டத்தை நிறுத்தின. சிப்பிகள் வாய் திறந்து, மூடாமல் கிடந்தன. கணவாய் நாலாவது தடத்தின் நடுவே சாய்ந்து நின்றுவிட்டது. மீசை அதைச் சுற்றிக்கொண்டு நீந்த வேண்டியிருந்ததால் அதற்கும் ஒரு புகார் சொன்னார்.

வருகைக்கு முந்தின நாள் என் தம்பி அலுவலக அறைக்கு வந்தான். கையில் பெரியவன் இருந்தது. பந்தாகச் சுருண்டிருந்தது.

"அக்கா, குளிர்ல சுருண்டுடுச்சு. ஒரு அஞ்சாறு புள்ளி ஏத்துக்கா. செத்துப் போயிரும்."

"செத்தா சாகட்டும். நாளைக்கு அதிகாரி வர்றாரு. தண்ணி தெளிவா இருந்தா நாளைக்கே நீ நிரந்தரம். உனக்காகத்தாண்டா எல்லாம்."

"எனக்கு இதுங்க வேணும்க்கா."

"வேணும்னா? உனக்கு எதுடா வேணும்னு எனக்குத் தெரியாதா? சம்பளம் வேணும், தனியா ஒரு ரூம் வேணும். வயசாகுது உனக்கு. சோபாவுலயே சாகப் போறியா?"

பெரியவனை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு, "யாராவது குளிருதுன்னு புகார் சொன்னா திருப்புவியா?" என்று கேட்டான்.

"கட்டாயம் திருப்புவேன். விதி விதிதான். யாரு சொல்லுவா, போய்க் கேளு."

போய்க் கேட்டான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எட்டுப் பேரும் உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்கத் தண்ணீரில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கரையோரம் மண்டியிட்டுக் கெஞ்சினான். "குளிரா? எனக்கா?" என்றார் பனிக்கரடி. மீசை, "சொல்லப்போனா இன்னும் கொஞ்சம் சுடுது" என்றார், சொல்லும்போதே தும்மினார். சுடுது சுடுது என்று இத்தனை நாள் கத்திவிட்டு இப்போது மாற்றிச் சொன்னால் மற்ற ஏழு பேர் முகத்தில் விழிக்க முடியுமா? கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத கூட்டம் அது. இருக்கிற மீசைக்கு மட்டுமில்லை, இல்லாதவர்களுக்கும் ஒட்டவில்லை. தும்மியபடியே மூன்று பேர் வந்து அன்றைய புகாரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மேலதிகாரி வந்தார். தண்ணீர் ஒன்பது டிகிரி. சுருண்ட பந்துகளும் மூடாத சிப்பிகளும் அடியில் கிடந்தன. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு தண்ணி?" என்று எட்டுப் பேரையும் கேட்டார்.

"பி-பி-பிரமாதம்" என்றார் பனிக்கரடி.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்கம்மா உங்க மெக்கானிக்? ஆர்டரைக் கையோட கொண்டுவந்துட்டேன்."

என் தம்பி வந்தான். நீச்சல் அரைக்கால் சட்டை, தலையில் விதிப்படி ரப்பர் தொப்பி. உரித்த கோழி மாதிரி இருந்தான். கையிலிருந்த தாளை என் மேஜையில் வைத்தான். ராஜினாமா. அதன் பக்கத்தில், காலையில்தான் கவுண்டரில் வாங்கிய உறுப்பினர் அட்டையை வைத்தான். என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு ஏணி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. இரண்டு கையாலும் கரையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவில் நின்று, உரக்கச் சொன்னான்.

"அக்கா, குளிருது."

அந்தக் காலைக் குழு முன்னால் அதுவரை ஒருத்தரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இந்த ஆள்தானே மெக்கானிக்? ஊழியர் புகார் சொல்ல முடியாதே" என்றார் அதிகாரி.

"இப்ப நான் ஊழியர் இல்ல சார். உறுப்பினர்."

அதிகாரி தாளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்தார். "உறுப்பினர் ஊழியராவும் இருக்க முடியாது. சரி, புகார் வந்திருக்கு. நடவடிக்கை எடுங்க." பிறகு குனிந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் என்ன?"

"உயிரினங்க சார்" என்றேன்.

"இதைப் பத்தி யாராவது புகார் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சார். நடவடிக்கை எடுத்தோம்."

"அப்ப சரி. நடவடிக்கை எடுத்திருந்தா எது இருந்தா என்ன?"

எது இருந்தா என்னவாம்! இந்த மனிதருக்காகவா நான் அத்தனையையும் சாகவிட்டேன்? என் தம்பி வேலையை விடாமலேயே, குளம் நிறைய அவற்றை வைத்துக்கொண்டே, இன்று நிரந்தரமாகியிருப்பான். அதிகாரியையே பிடித்துத் தண்ணீரில் தள்ளலாம் போல் வந்தது. தள்ளவில்லை. ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டேன். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலையை என் கையாலேயே முடித்தேன். பெட்டியைத் திறந்து குமிழை வலப்பக்கம் ஒரு புள்ளி திருப்பினேன்.

பத்து டிகிரி.

"இன்னும் குளிருதுக்கா" என்றான். தாடை ஆடியதில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

ஒரு நாளைக்கு ஒரு புகார்தான். அது அவனுக்கும் தெரியும். எட்டுப் பேரையும் பார்த்தான். நானும் பார்த்தேன். எட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவன் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. மேலே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆடின.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் பனிக்கரடி கடைசியில், யாரையும் பார்க்காமல். "ஆனா தண்ணிக்கே குளிருது போல இருக்கு. தண்ணி சார்பா ஒரு புகார் எழுதிக்குங்க."

திருப்பினேன்.

"என் இடது காலுக்கு மட்டும்" என்றார் மீசை. திருப்பினேன். ஒருவர் தன் மனைவி வீட்டில் குளிருது என்றதாகச் சொன்னார். ஒருவருக்கு சுண்ணாம்பாய் வெளுத்த விரல்கள் சாட்சி சொல்லின, வாயைத் திறக்கவே இல்லை, கையை மட்டும் தூக்கினார். எட்டாவது ஆள் அழுதுவிட்டார். எட்டுப் பேருக்கும் எட்டுப் புள்ளி. மறுநாளும் எட்டுப் பேரும் வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு கரையேறினார்கள்.

தண்ணீர் பதினெட்டை எட்டச் சாயங்காலம் ஆனது. அதிகாரி எப்போதோ போய்விட்டார். அடியில் கிடந்த பந்துகளில் முக்கால்வாசி விரியவே இல்லை. விரிந்தவை சில. என் தம்பி இறங்கிய இடத்திலேயே நின்றிருந்தான், ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டபடி.

கரையில் போய் உட்கார்ந்தேன். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். நிரந்தர வேலைடா, பென்ஷன்டா, உன் வயசுக்கு இனிமே எவன்டா குடுப்பான், நாலு பூச்சிக்காக யாராவது இப்படிப் பண்ணுவாங்களா என்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, இத்தனை வருஷத்துல நான் கை வச்ச எதாச்சும் உயிரோட இருந்திருக்கா?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

தண்ணீருக்குள் அவன் உள்ளங்கையில் பெரியவன் மெல்ல விரிந்து, இரண்டு அடி நடந்து, நின்றது.

துண்டு உறுப்பினர்களே கொண்டுவர வேண்டும் என்பது விதி. அவன் கொண்டுவரவில்லை. என்னுடையதை எடுத்துவந்து கொடுத்தேன்.